மாலை போட்ட குழாய்

போன வாரம் நான் சமைக்கும் பி.ஜி. விடுதியில் தங்கியிருக்கும் பெண் ஒருத்திக்கு டைபாய்டு என்று தெரிந்தது. தெரிந்ததும் மேனேஜர் நேராகச் சமையலறைக்கு வந்து என்னைக் கையை நீட்டச் சொன்னார். நீட்டினேன். திருப்பச் சொன்னார். திருப்பினேன். குனிந்து நகங்களைப் பார்த்துவிட்டு, "டெஸ்ட் எடுத்துட்டு வந்துடுங்க ஆன்ட்டி. ரிசல்ட் வர்ற வரைக்கும் கிச்சன் பக்கம் வேணாம்" என்றார். மரியாதையாகத்தான் சொன்னார். எலெக்ட்ரானிக் சிட்டியில் நான் சமைத்த இடங்களில் இந்த அளவுக்கு மரியாதை தெரிந்த மேனேஜர்கள் குறைவு. ஆனால் மொட்டை மாடிக்கு ஏறி, தண்ணீர்த் தொட்டியின் மூடியைத் திறந்து பார்க்க அவருக்குத் தோன்றவில்லை.

சும்மா உட்கார்ந்திருக்க எனக்கு வராது. ஓர் இடத்தில் நிலைத்து இருக்கவும் வராது. கார்மென்ட்ஸ், கல்யாண சமையல், ஆஸ்பத்திரி ஆயா, ஹாஸ்டல் என்று ஊர் ஊராகப் போய்த் திரும்பவும் பெங்களூருக்கே வந்து சேர்ந்தவள். கை சும்மா இருப்பதால் எழுதுகிறேன். கன்டோன்மென்ட் பக்கத்துத் தெருக்களில் இடுப்பில் குடத்தோடு வளர்ந்த என் வயதுக்காரர்கள் இதைப் படித்தால், பாதி உங்களுக்கே தெரிந்த கதையாக இருக்கும். உங்கள் தெருவிலும் ஒரு குழிக் குழாய் இருந்திருக்கும்.

எங்கள் தெரு மர்பி டவுனை ஒட்டி இருந்தது. எதிரெதிரே இரண்டு பேர் வந்தால் ஒருவர் சுவரோடு ஒட்டிக்கொள்ள வேண்டும். ஷீட்டுக் கூரைகள். விடிவதற்குள் மண்ணெண்ணெய் வாடையும், அதற்கு மேலாக அம்மாவின் இட்லி ஆவியும் தெரு முழுக்க நிற்கும். அம்மா வாசலில் அடுப்பு வைத்து இட்லி விற்றாள். ராணுவக் குடியிருப்பில் கூட்டப் போகிறவர்கள், கட்டட வேலைக்குப் போகிறவர்கள், பள்ளிக்குப் போகிற பிள்ளைகள் எல்லாருக்கும் அவள் இட்லிதான் காலை. பெரிய அலுமினியக் குண்டான், குழித் தட்டுகள், அதன்மேல் விரிக்கும் துணி. அந்தத் துணியைப் பற்றிச் சொல்ல வேண்டும். பழைய வேட்டியைக் கிழித்து, ஓரம் பிரியாமல் இருக்க, என் பள்ளிச் சீருடை தைத்ததில் மிஞ்சிய நீல நூலால் அம்மா மடித்துத் தைத்தது. தையல் கோணல்மாணலாக இருக்கும். எதிர்வீட்டு டெய்லரின் பெண்சாதி அதைப் பார்க்கும்போதெல்லாம், "யக்கா, இந்தத் தையலப் பாத்தா எங்க வூட்டுக்காரரு மெஷினையே வித்துடுவாரு" என்று சிரிப்பாள். "வித்துட்டு வந்து மாவாட்டச் சொல்லு" என்பாள் அம்மா.

அப்பாவை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம். அவர் கோலார் தங்கவயல்காரர். இளம் வயதில் சுரங்கத்துக்குள் இறங்கியவர். அங்கே வேலை குறைந்ததும் அம்மாவின் ஊரான பெங்களூருக்கு வந்தார். டெலிபோன் கேபிளுக்குப் பள்ளம் தோண்டும் கூலி வேலை கிடைத்தது, அதுவும் கிடைத்த நாளில் மட்டும். பொண்டாட்டி ஊரில் வந்து உட்கார்ந்த ஆளுக்கு அந்தத் தெருவில் பெயர் கிடையாது. "இட்லிக்காரி வூட்டுக்காரன்" என்பார்கள். யாராவது அப்படிக் கூப்பிடும்போது அவர் திரும்பமாட்டார். இரண்டாம் முறை கூப்பிட்டால்தான் திரும்புவார். எனக்கு அப்போது அது விளையாட்டாகத் தெரிந்தது.

அந்த வருஷக் கோடையில் தெருக்குழாய் செத்துப்போனது. வால்வைத் திறந்துவிட்டு வால்வ்மேன் சைக்கிளில் வந்து, "ஏனம்மா, நீரு பந்தா?" என்று கேட்பார். தண்ணீர் எங்கே வரும்? குழாய் குறட்டை விடும், ஒரு முடக்கு துப்பும், நின்றுவிடும். மேட்டுத் தெரு. பள்ளத்தில் இருக்கிறவர்கள் பிடித்தது போகத்தான் எங்களுக்கு. பெண்கள் வாயை வைத்து உறிஞ்சித் தண்ணீரை வரவழைத்ததை நான் பார்த்திருக்கிறேன். நானும் உறிஞ்சியிருக்கிறேன். துருவும் பாசியும் கலந்த அந்தச் சுவை இப்போதும் நாக்கில் இருக்கிறது.

தெருச் சங்கத்துக்கு ஒரு தலைவர் இருந்தார். வெள்ளை வேட்டி, கையில் எப்போதும் மடித்த பேப்பர். அவர்தான் குழிக் குழாய் யோசனையைக் கொண்டுவந்தார். மற்ற தெருக்களில் செய்திருந்தார்கள். குழாய் நிற்கும் இடத்தில் ஆள் இறங்கும் ஆழத்துக்குப் பள்ளம் வெட்டி, நிற்கும் குழாயை அறுத்துத் தரைக்குக் கீழேயே வாய் வைத்துவிட்டால், தண்ணீர் மேலே ஏற வேண்டியதில்லை, தானாக விழும். படி வைத்து இறங்கிக் குடத்தை நிரப்பிக்கொண்டு ஏறி வர வேண்டும்.

"யாரு வெட்றது?" என்று யாரோ கேட்டார்கள்.

நைனா முன்னால் வந்தார். "நான் வெட்றேன். பூமிக்குள்ள இன்னா கீதுன்னு என் கைக்குத் தெரியும். தங்கத்தத் தொட்ட கை."

"தங்கம் வந்தா தெருவுக்குப் பங்கு குடுத்துடணும், சொல்ட்டேன்" என்றார் டெய்லர்.

"வந்தா உனக்குத் தங்க ஊசி பண்ணித் தர்றேன், போ."

எல்லாரும் சிரித்தார்கள். அவரைப் பார்த்து இல்லாமல் அவரோடு சேர்ந்து அந்தத் தெரு சிரித்ததை அன்றுதான் நான் முதலில் பார்த்தேன்.

அவர் வெட்டிய ஞாயிற்றுக்கிழமை நான் பள்ளத்தின் விளிம்பில் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தேன். வெயிலுக்குப் பயந்து மற்றவர்கள் உள்ளே போய்விட்டார்கள். செம்மண், அதற்குக் கீழே சுண்ணாம்புக் கற்கள், அதற்கும் கீழே கறுப்பு மண். கடப்பாரை கல்லில் பட்டால் என்ன சத்தம், மண்ணில் பட்டால் என்ன சத்தம் என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தபடியே இறங்கினார். அப்போது ஒரு சத்தம் கேட்டது. கல்லும் இல்லை, மண்ணும் இல்லை. சட்டி உடைந்த மாதிரி மொட்டையான சத்தம்.

நைனா அசையாமல் நின்றார். பிறகு அண்ணாந்து என்னைப் பார்த்தார். "கண்ணு, போய் டீ வாங்கியா" என்றார்.

தூக்கை எடுத்துக்கொண்டு முனைக்கடைக்குப் போனேன். கடையில் கூட்டம். திரும்பி வந்தபோது அவர் பள்ளத்துக்குள் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, ஒரு பக்கச் சுவரில் மட்டும் ஈரக் களிமண்ணை வழவழவென்று பூசிக்கொண்டிருந்தார். உள்ளேயிருந்து ஒரு வாடை வந்தது.

"நாறுது நைனா."

"பழைய மண்ணு அப்டித்தான் நாறும். கோலார்ல கசிவு வந்தா இப்டித்தான் அடைப்போம். மேல தண்ணி ஓடினா ஒண்ணும் தெரியாது."

என்ன கசிவு என்று நான் கேட்கவில்லை. டீயைக் கயிறு கட்டி இறக்கினேன். கோலார் கதை சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

அன்று சாயங்காலமே தண்ணீர் வந்தது, தெருவே திருவிழாவாக இருந்தது. குழாய்க்கு மஞ்சள் குங்குமம் வைத்து, எலுமிச்சம்பழம் நசுக்கி, கற்பூரம் காட்டினார்கள். குழாயின் கழுத்தில் ஒரு சாமந்தி மாலை. தலைவர் இன்னொரு மாலையை எடுத்து நைனாவின் கழுத்தில் போட்டார். "நம்ம மேஸ்திரி இல்லாட்டி இந்தத் தண்ணி இல்ல" என்றார். பெண்கள் குலவையிட்டார்கள். முதல் குடத்தை நைனா கையால் எடுத்து அம்மா தலையில் வைத்தார். அம்மா அவரை நிமிர்ந்து பார்த்த பார்வையை, அதற்கு முன்னும் பின்னும் நான் பார்த்ததில்லை. அன்றிலிருந்து அவர் மேஸ்திரி. அந்த மாலையை வாடி உதிரும்வரை வீட்டு ஆணியில் மாட்டி வைத்திருந்தார்.

மறுநாள் விடியலில் அம்மா இட்லித் துணியைத் தேடினாள். கொடியில் இல்லை, பெட்டிக்கு அடியில் இல்லை. "பொம்மைக்குச் சீலை கட்டினியா?" என்று என் முதுகில் ஒன்று வைத்தாள். நான் எடுக்கவில்லை என்று அழுதேன். நைனா வாசலில் உட்கார்ந்து பல் துலக்கிக்கொண்டிருந்தார். "காக்கா தூக்கினு போயிருக்கும். வுடு, குழந்தைய ஏன் அடிக்கற?" என்றார். எனக்காகப் பேசினாரே என்று அன்று அவர் மேல் அவ்வளவு பாசம் எனக்கு.

அதே நாட்களில்தான் அவர் வீட்டில் தண்ணீர் குடிப்பதை நிறுத்தினார். சாப்பிட்டு முடித்தால் டீ. வெயிலில் வந்தால் டீ. "தண்ணி வேணாம், டீ குடு" என்பார். பெரிய மனுஷன் ஆகிவிட்டார், டீதான் இறங்கும் என்று அம்மா கேலி செய்வாள். நாங்கள், நானும் தம்பியும், குடத்தில் டம்ளரை முக்கி முக்கிக் குடித்தோம். ஜில்லென்று இருந்தது.

மழை ஆரம்பித்தது. குழிக்குள் முழங்கால் அளவுக்குத் தண்ணீர் தேங்கி நிற்கும், அதற்கடியில் குழாயின் வாய் முங்கிக் கிடக்கும். தண்ணீர் வரும் நேரம் தகர டப்பாவால் அதை இறைத்து ஊற்றிவிட்டுப் பிடிப்பார்கள். முதல் குடம் கலங்கலாக வரும். அதைத் துணி துவைக்க வைத்துக்கொண்டு இரண்டாம் குடத்தைக் குடிக்க எடுப்பார்கள். சுத்தம் பார்க்கிறோம் என்றுதான் எல்லாரும் நம்பினார்கள்.

முதலில் படுத்தது டெய்லர் வீட்டுப் பையன். என் வகுப்பு. பம்பரத்தைத் தரையில் விடாமல் கையிலேயே ஏந்திச் சுற்றவிடுவான், அவனைப் போல் எங்கள் தெருவில் வேறு யாருக்கும் அது வராது. அடுத்து நான்.

அந்தக் காய்ச்சல் எப்படி என்று பட்டவர்களுக்குத் தெரியும். ஒரேயடியாக அடிக்காது. காலையில் கொஞ்சம் விட்ட மாதிரி இருக்கும், சாயங்காலம் முந்தின நாளைவிட ஒரு படி மேலே ஏறி நிற்கும். நாக்கில் சுண்ணாம்பு பூசிய மாதிரி. வயிறு கல். காது அடைத்து, அம்மா கூப்பிடுவது கிணற்றுக்குள்ளிருந்து வரும். கூரை ஷீட்டின் வரிகள் ஊர்ந்துகொண்டே இருக்கும். ஊசி போடுகிற டாக்டர் ஒருவர் முனையில் இருந்தார், என்ன படித்தார் என்று யாருக்கும் தெரியாது. ஊசியும் சிவப்பு மருந்தும் கொடுத்தார். காய்ச்சல் இறங்கினால் நிறுத்திவிடச் சொன்னார், நிறுத்தினோம், மறுபடி ஏறியது.

எனக்கு மட்டும் தண்ணீர் காய்ச்சினார்கள். மண்ணெண்ணெய் ரேஷனில் வருவது, அதில் தண்ணீரைப் போய்க் கொதிக்க வைப்பதா? நோயாளிக்கு என்றால் சரி. வெள்ளை எனாமல் கோப்பையில், புகை வாடையோடு, மூடி போட்டு என் தலைமாட்டில் இருக்கும். தம்பி அதையே பார்த்துக்கொண்டிருப்பான். "எனக்கும்மா" என்பான். "அது சீக்காளித் தண்ணி. நீ நல்லாத்தான கீற, குடத்துல குடி" என்பாள் அம்மா. நல்லா இருக்கிறவனுக்குக் காய்ச்சின தண்ணீர் கொடுத்தால் அவனுக்குச் சீக்கு வரும் என்று கூட ஒரு பேச்சு உண்டு. படுத்தவருக்கு மட்டும் காய்ச்சிவிட்டு மற்றவர்களைக் குடத்தில் குடிக்கவிட்ட தப்பைச் செய்யாத வீடு எங்கள் தெருவில் இல்லை.

சுகாதார இலாகா ஆட்டோ ஒன்று மைக் கட்டிக்கொண்டு வந்தது. "நீரன்னு குதிசி, ஆரிசி குடியிரி" என்று கன்னடத்தில் திரும்பத் திரும்பச் சொன்னது. கொதிக்க வைத்து ஆறவைத்துக் குடியுங்கள் என்று அர்த்தம். எங்கள் தெருவில் எல்லாருக்கும் கன்னடம் புரியும். "மண்ணெண்ணெ உங்கப்பனா குடுப்பான்?" என்று ஒரு பெண் கத்த, சிரிப்பு. ஆட்டோவில் வந்தவர்கள் குழாய்க்குப் பக்கத்துச் சுவரில் ஒரு போஸ்டர் ஒட்டிவிட்டுப் போனார்கள். மேல் பாதியில் ஒரு பெண் தெருவோரம் பலகாரம் விற்கிறாள், பலகாரத்தில் ஈ, அதன்மேல் சிவப்புப் பெருக்கல் குறி. கீழ்ப் பாதியில் குழாயும், அடுப்பில் கொதிக்கும் பானையும். கீழ்ப் பாதி குடங்கள் உரசியே கொஞ்ச நாளில் கிழிந்துபோனது. மேல் பாதி மட்டும் நின்றது. அந்தப் படத்துப் பெண்ணும் எங்கள் அம்மா மாதிரியே முந்தானையை இடுப்பில் செருகியிருந்தாள்.

டெய்லர் வீட்டுப் பையன் செத்துப்போனான். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போன வழியிலேயே. அவன் என்னிடம் கொடுத்துவைத்திருந்த பம்பரமும் சாட்டையும் எங்கள் ஜன்னலில் ரொம்ப நாள் இருந்தன. பிறகு எந்த வீடு மாறியபோது போனதோ, தெரியவில்லை.

அடுத்த நாள் சாயங்காலம் எங்கள் வாசலில் கூட்டம். நான் உள்ளே பாயில் கிடந்தேன். காது அடைத்திருந்தாலும் குரல்கள் கேட்டன.

"எல்லாப் பசங்களும் இவ இட்லிதான் தின்னுது" என்றது ஒரு குரல்.

"போஸ்டர்லயே போட்டுக்கீது பாருங்க. ஈ மொய்க்கற பண்டம்."

"இட்லி ஆவியில வேவுது, அதுல இன்னா வரும்?" இது அம்மா. "எம் பொண்ணும்தான் உள்ள கெடக்கறா. எம் பொண்ணுக்கு நானே வெஷம் வெப்பனா? சொல்லும்மா, உம் மவனும் எம் மவளும் ஒரே தட்டுல தின்னுதுங்களே, நான் வேற மாதிரியா குடுத்தேன்?"

டெய்லரின் பெண்சாதியின் அழுகைச் சத்தம் மட்டும்.

தலைவர் தொண்டையைச் செருமினார். "மேஸ்திரி, நீயே சொல்லுப்பா. உன் வூட்டு விஷயம்."

நான் பாயில் கையூன்றித் தலையைத் தூக்கினேன். நைனா பேசினால் சரியாகிவிடும் என்று எனக்கு அவ்வளவு உறுதி. காக்கா என்று சொல்லி என்னை அடியிலிருந்து காப்பாற்றியவர்.

பிறகு அவர் குரல், சாதாரணமாக, சோறு ஆறிப்போச்சு என்று சொல்வது போல:

"நான் அப்பவே சொன்னேன், சட்னிய மூடி வைன்னு."

அவ்வளவுதான் சொன்னார். அவர் ஒருநாளும் அப்படிச் சொன்னதில்லை.

யாரோ குண்டானை உதைத்தார்கள். மாவுப் பானை உடைந்து, புளித்த மாவு வாசல்படி தாண்டி என் பாய் வரைக்கும் வந்தது. அந்தப் புளிப்பு வாடை இன்றும் எந்தச் சமையலறையில் வந்தாலும் எனக்கு ஒரு கணம் காது அடைத்துக்கொள்ளும்.

ஒன்று சொல்ல வேண்டும். சட்னியைப் பற்றிப் பேசியது முழுப் பொய் இல்லை. இட்லி வேகிறது, சட்னி வேகாது. பொட்டுக்கடலையை அம்மியில் அரைத்து, குடத்துத் தண்ணீரை ஊற்றித்தான் கரைப்பாள். சமையல் வேலைக்கு வந்து எத்தனையோ வருஷம் கழித்துத்தான் இது எனக்கு உறைத்தது. அவள் கையால்தான் பலருக்கும் போயிருக்கும். ஆனால் அந்தத் தண்ணீரில் என்ன இருக்கிறது என்று தெரியாமல் ஊற்றினாள். தெரிந்தவர் பக்கத்தில் உட்கார்ந்து டீ குடித்தார்.

அம்மாவின் அடுப்பு அணைந்தது. காய்ச்சல் அணையவில்லை. அம்மாவிடம் ஒரு இட்லிகூட வாங்காத வீடுகளிலும் படுத்தார்கள். அப்போதாவது யோசித்திருக்க வேண்டும். "அவ ஏற்கெனவே பரப்பிட்டா" என்றார்கள். என்னைப் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். தம்பியையும் அடுத்தடுத்துக் கொண்டுவந்தார்கள், ஒரே கட்டிலில் தலைமாடு கால்மாடாகப் படுத்தோம். அங்கே கொடுத்த கேப்சூலின் கசப்பு தொண்டையிலேயே நிற்கும். தலைமுடி கைப்பிடி கைப்பிடியாக வந்ததால் மொட்டை அடித்தார்கள். என் சிவப்பு ரிப்பனைச் சுருட்டி அம்மா முந்தானையில் முடிந்துகொண்டாள். தெருவின் பெயரைக் கேட்டு எழுதிக்கொண்ட நர்ஸம்மா, "மறுபடியும் அந்தத் தெருவா?" என்று யாரையோ கூப்பிட்டார்.

நாங்கள் வீடு திரும்பி ஒன்றிரண்டு நாளில் தண்ணீர் இலாகா ஆட்கள் வந்தார்கள். குழியைப் பார்த்ததுமே அவர்களுடைய மேஸ்திரி தலையில் அடித்துக்கொண்டார். "தண்ணி நிக்கிறப்ப பைப்பு காலியாகி உள்ள இழுக்கும்மா. குழியில இருக்கற சாக்கடையெல்லாம் பைப்புக்குள்ளதான் போவும்" என்றார் எங்களுக்குப் புரியும்படி. "இவ்ளோ சாக்கடை எங்கேர்ந்து வருது?"

தெரு முழுக்கச் சுற்றி நின்றது. நானும் மொட்டைத் தலையோடு அம்மா இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நைனா கூட்டத்தின் கடைசியில். வேலையாள் குழிக்குள் இறங்கி ஒரு பக்கச் சுவரைக் கொத்தினான். களிமண் அப்பளம் அப்பளமாக விழுந்தது. உள்ளே உடைந்த கக்கூஸ் பைப்பு, சுட்ட மண் பைப்பு. ஓட்டைக்குள் ஏதோ திணித்திருந்தது. அவன் கம்பியால் கொக்கிபோட்டு இழுத்தான். நீளமாக, கறுப்பாக, சொட்டிக்கொண்டே வந்து மேலே விழுந்தது. ஒரு வாளித் தண்ணீரை அதன்மேல் அடித்தான்.

துணி. ஓரத்தில் நீல நூல்.

முதலில் பேசியது டெய்லரின் பெண்சாதி. மகன் போன பிறகு அவள் பேசி நான் கேட்டது அதுதான் முதல் முறை. "யக்கா, இது உன் இட்லித் துணியாச்சே."

எல்லாரும் அம்மாவைப் பார்த்தார்கள். ஒரு நிமிஷம் மறுபடியும் அவள்மேல்தான் வந்து விழப்போகிறது என்று அவள் இடுப்பை இன்னும் இறுக்கிக்கொண்டேன்.

"தானா போயிருக்காது" என்றான் குழிக்குள் நின்றவன், யாரையும் தெரியாதவன். "பைப்ப ஒடைச்சவன்தான் அடைச்சு மண்ணு பூசியிருக்கான். யாருங்க இந்தக் குழியத் தோண்டினது?"

இந்தக் கேள்விக்குத் தெருவில் பதில் தெரியாத ஆள் இல்லை. மாலை போட்டவர்கள், குலவையிட்டவர்கள், குண்டானை உதைத்தவர்கள் எல்லாரும் அங்கேதான் நின்றார்கள். ஒருவரும் திரும்பி நைனாவைப் பார்க்கவில்லை. பார்த்தால், உதைத்த காலையும் பார்க்க வேண்டிவரும். தலைவர் மடித்த பேப்பரை மறுபடி மடித்தார்.

"யாரோ கூலி ஆளு, சார்" என்றார். "ஆனது ஆச்சு. நீங்க மூடிடுங்க."

மூடினார்கள். அம்மா குனிந்து அந்தத் துணியை எடுத்தாள். யாரும் தடுக்கவில்லை. வீட்டுக்குக் கொண்டுவந்து, எனக்கென்று வைத்திருந்த மண்ணெண்ணெய் முழுவதையும் ஊற்றி, சோடா உப்புப் போட்டு அதைக் கொதிக்க வைத்தாள். வெளுக்கவில்லை, பழுப்பு நிறத்தில் நின்றது. கொடியில் போடாமல், வாசல் நிலையின் மேல் சட்டத்தில், குறுக்கே தொங்கவிட்டாள். உள்ளே வருகிறவர்கள் குனிந்துதான் வர வேண்டும்.

அதற்குப் பிறகு நடந்ததைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். மன்னிப்பு என்று ஒருவரும் வரவில்லை. "அடுப்பு போடலாமே" என்று தலைவர் ஆள் விட்டார், அம்மா போடவில்லை. மல்லேஸ்வரத்தில் வீட்டு வேலைக்குப் போனாள். அவள் பாத்திரம் தேய்க்கும்போது அந்த வீட்டுக் குழந்தையைத் தூக்கி வைத்துக்கொள்ள ஓர் ஆள் வேண்டும் என்றார்கள். முடி முளைத்ததும் பள்ளிக்கு அனுப்புகிறேன் என்று என்னைக் கூட்டிப்போனாள். முடி முளைத்தது. ஐந்தாம் வகுப்பு அப்படியே நின்றது. என் வயதுக்காரர்களே, எந்த ஊரிலும் எனக்கு ஏன் கால் நிற்பதில்லை என்று சிலர் கேட்பதுண்டு. நல்ல மனிதர்கள் என்று ஒரு தெருவை நம்ப ஆரம்பிக்கும்போதே பெட்டியைக் கட்டிவிடுகிறேன், அவ்வளவுதான் தெரியும்.

ஆனால் துணி தொங்கிய அந்த முதல் சாயங்காலத்தைச் சொல்லாமல் முடிக்க முடியாது.

நைனா பொழுது சாயும் நேரத்தில் வந்தார். நிலைக்கு வெளியே நின்று துணியைப் பார்த்தார். பிறகு தலையைக் குனிந்து அதற்கடியில் நுழைந்து, எப்போதும் உட்காரும் இடத்தில் உட்கார்ந்தார். தம்பி அவர் மடியில் போய்ப் படுத்துக்கொண்டான், அவனுக்கு ஒன்றும் தெரியாது. அம்மா அடுப்புப் பக்கம் திரும்பி நின்றாள்.

நான்தான் கேட்டேன். "ஏன் நைனா சொல்லல?"

அவர் ஆணியைப் பார்த்தார். மாலை போய், நார் மட்டும் தொங்கியது.

"எப்டிச் சொல்றது கண்ணு? மாலை போட்டுட்டாங்களே."

அதை அவர் ஒரு நியாயமாகச் சொல்லவில்லை. அழவும் இல்லை. மழை வந்துடுச்சே என்பது போலச் சொன்னார். பிறகு, பழக்கத்தில், "டீ கீதா?" என்றார்.

அம்மா டீ போடவில்லை. மூலையில் இருந்த குடத்தின் மூடியை எடுத்தாள். குழியை மூடுவதற்கு முன் கடைசியாகப் பிடித்து வைத்த தண்ணீர். டம்ளரை முக்கி எடுத்து, அடியை முந்தானையால் துடைத்து, விருந்தாளிக்கு வைப்பது போல அவர் முன்னால் வைத்தாள்.

"நீ வெட்டின குழாய்த் தண்ணி" என்றாள். "குடி."

நைனா டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார். தம்பி அதை எடுக்கக் கையை நீட்டினான். அவன் கையைச் சட்டென்று பிடித்துக்கொண்டார்.

அம்மா அந்தக் கையைப் பார்த்தாள். அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

அவர் தம்பியை மடியிலிருந்து இறக்கிவிட்டு எழுந்தார். துணிக்கு அடியில் குனிந்து வெளியே போனார். டம்ளர் தளும்பாமல் அங்கேயே இருந்தது.